அசெம்பிளி கணக்கில் 300 பிசிஎம் இடிக்கிறது: நியூட்ரானைக் கூட்டினால் சரியாகுமா?

திருநகர்_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். இயற்பியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக விவிஈஆர்-1000 என்ற ரஷ்ய வகை அணு உலையின் ஒரே ஒரு எரிபொருள் அசெம்பிளியை (தண்டுகளின் கட்டு), நியூட்ரான்களைச் சமவாய்ப்பு எண்களால் ஓடவிட்டுக் கணக்கிடும் ஓப்பன்எம்சி என்ற மான்டி கார்லோ நிரலில் கட்டியிருக்கிறேன். நம் கூடங்குளத்தில் ஓடுவதும் இதே குடும்பம் என்பதால்தான் இதை எடுத்தேன். அறுகோணக் கட்டு, 331 இடங்கள். அதில் 312 எரிபொருள் தண்டுகள், 18 வழிகாட்டிக் குழாய்கள், நடுவில் ஒரு குழாய். 312 தண்டுகளில் 12 மட்டும், நியூட்ரானை விழுங்கும் கடோலினியம் கலந்தவை. ஓஈசிடியின் அணுசக்தி முகமை 2002-இல் வெளியிட்ட ஒப்பீட்டுக் கணக்கு இது. எரிபொருள் 1027 கெல்வின், மற்றதெல்லாம் 575 கெல்வின்.

எனக்கு வரும் கே மதிப்பு (ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கு அடுத்த தலைமுறை எத்தனை மடங்கு என்பது; 1 என்றால் தொடர்வினை தன்னைத் தானே தாங்கும்), அந்த அறிக்கையின் சராசரியைவிட 300 பிசிஎம் பக்கம் கூடுதலாக நிற்கிறது. புதியவர்களுக்காக: பிசிஎம் என்றால் லட்சத்தில் ஒரு பங்கு. கே 1.00000 என்பதற்கும் 1.00300 என்பதற்கும் உள்ள இடைவெளிதான் 300 பிசிஎம்.

முதலில் புள்ளியியல் பிழை 25 பிசிஎம் இருந்தது. "நியூட்ரான் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்" என்றார்கள். 16 மடங்கு கூட்டி இரவு முழுக்க ஓடவிட்டேன். பிழை 6 பிசிஎம் ஆகக் குறைந்தது. ஆனால் 300 அப்படியே இருக்கிறது. இன்னும் கூட்டலாமா, வேறு எங்காவது தேட வேண்டுமா?

மியூவான்_மதுரை

கூட்ட வேண்டாம். 16 மடங்குக்கு 4 மடங்கு குறைந்திருக்கிறது, வர்க்கமூல விதி ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தப் பிழை சொல்வது ஒன்றுதான்: இதே உள்ளீட்டை வேறு சமவாய்ப்பு எண்களோடு ஓட்டினால் விடை எவ்வளவு ஆடும் என்பது. உள்ளீடு சரியா என்று அதற்குத் தெரியாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கிலோ படிக்கல்லே 20 கிராம் குறைவு என்றால், அதே மல்லியை நூறு தடவை நிறுத்துச் சராசரி எடுத்தாலும் அந்த 20 கிராம் திரும்பி வராது.

நான் உலைக்காரன் இல்லை. மதுரையில் உள்ள மினி-ஐகால் மாதிரியான, மியூவான் என்ற துகளை அளக்கும் கருவிகளுக்குச் சிமுலேஷன் செய்கிறவன். எங்களிடமும் இதே பாடம்தான், புள்ளியியல் பிழையை ஒரு பக்கமும் முறைசார் பிழையை இன்னொரு பக்கமும் தனித்தனியாக எழுதுவோம். உலை இயற்பியல் தெரிந்தவர்கள் மேலே சொல்லுங்கள்.

நியூட்ரான்_நடை

தங்கச்சி, மூன்று கேள்வி. எந்தத் தரவு நூலகம்? 1027 கெல்வினை உள்ளீட்டில் எப்படிக் கொடுத்தாய்? வெப்பநிலை முறை என்ன வைத்திருக்கிறாய்?

விடை கூடுதலாக இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா என்று சொன்னது நல்லது. பாதிப் பேர் "300 வித்தியாசம்" என்று மட்டும் எழுதுவார்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலேயே பாதித் துப்பு இருக்கிறது.

திருநகர்_மாணவி

ஈஎன்டிஎஃப்-பி 8.0 அண்ணா, நியூட்ரான் வினைகளுக்கான அந்த அமெரிக்கத் தரவுத் தொகுப்பு. எரிபொருளுக்கு 1027 என்றே கொடுத்தேன். முதலில் "அந்த வெப்பநிலையில் தரவு இல்லை" என்று நின்றுவிட்டது. இணையத்தில் பார்த்து, முறையை "அருகிலுள்ளது" என்று வைத்து, ஏற்கும் இடைவெளியை 200 கெல்வின் ஆக்கினேன். அப்புறம் ஓடியது.

நியூட்ரான்_நடை

இங்கேதான் இருக்கிறது.

ஓப்பன்எம்சி தளத்தில் கிடைக்கும் தயார் நூலகங்களில் எல்லா வெப்பநிலைக்கும் தரவு இருக்காது. 600, 900, 1200 என்று படிப்படியாகத்தான் இருக்கும். 1027-க்கு 900 இருப்பது 127 கெல்வின் தள்ளி, 1200 இருப்பது 173 தள்ளி. ஆகவே நிரல் 900-ஐ எடுத்துக்கொண்டது. நீ கணக்கிட்டது 900 கெல்வின் எரிபொருள்.

இதனால் கே ஏன் கூடுகிறது என்றால், யுரேனியம்-238 சில குறிப்பிட்ட ஆற்றல்களில் நியூட்ரானை ஆவேசமாக விழுங்கும். 6.67 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும் ஒத்ததிர்வு அதில் பெயர் பெற்றது. எரிபொருள் சூடாகச் சூடாக அணுக்களின் அதிர்வால் அந்தச் சிகரம் அகலமாகும், உயரம் குறையும். தண்டின் வெளித்தோல் எல்லாவற்றையும் விழுங்கி உள்ளே இருப்பதை மறைத்துக்கொண்டிருந்த நிலை தளர்ந்து, மொத்தத்தில் விழுங்கல் கூடும். டாப்ளர் விளைவு என்பது இதுதான். இந்த வகை எரிபொருளில் ஒரு கெல்வினுக்கு 2 முதல் 3 பிசிஎம் வரை கே குறையும். 127-ஐ இரண்டேகாலால் பெருக்கு, 285 வருகிறது.

முறையை "இடைக்கணிப்பு" என்று மாற்றி மறுபடி ஓட்டு. அப்போது ஒவ்வொரு மோதலிலும் 900, 1200 இரண்டில் ஒன்றை விகிதப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் என்ஜாய் நிரலை வைத்து 1027-க்கே தரவு தயாரித்துக்கொள்ளலாம்.

திருநகர்_மாணவி

மாற்றி ஓட்டிவிட்டேன். வித்தியாசம் 40 பிசிஎம் அளவுக்கு இறங்கிவிட்டது! ரொம்ப நன்றி அண்ணா. அப்படியானால் மாடல் சரி என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடலாமா?

ஓய்வுபெற்றவர்_கேகேநகர்

வேண்டாம் அம்மா, கொஞ்சம் பொறு. கல்பாக்கத்தில் கோர் (உலையில் எரிபொருள் இருக்கும் மையப் பகுதி) இயற்பியல் கணக்குகளோடு பல வருடம் வாழ்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 300 பிசிஎம் இருந்தபோது நீ தேடினாய். 40 ஆனதும் தேடலை நிறுத்தப் பார்க்கிறாய். இந்தத் துறையில் பெரிய வித்தியாசத்தைவிட எனக்குப் பயம் தருவது அழகாகப் பொருந்தும் விடைதான்.

முதலில், நீ எதோடு ஒப்பிடுகிறாய் என்று பார். அந்த அறிக்கையில் இருப்பது அளந்த மதிப்பு இல்லை. பல நாட்டார் தத்தம் நிரல்களை வைத்துப் போட்ட விடைகளின் சராசரி. ஒவ்வொருவரின் தரவு நூலகமும் வேறு, எல்லாம் அந்தக் காலத்தவை. உன் 8.0 நூலகமோ 2018-இல் வந்தது. பழைய தரவுகளின் சராசரியும் புதிய தரவின் விடையும் 40 பிசிஎம்-இல் சந்திப்பது நல்ல செய்திதான், ஆனால் அது உண்மைக்கு 40 பிசிஎம் பக்கத்தில் இருக்கிறாய் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இரண்டாவது, ஈடுகட்டும் பிழைகள். கே என்பது ஒரே ஒரு எண். அதற்குள் பிளவில் பிறக்கும் நியூட்ரான் எண்ணிக்கை, யுரேனியம்-238 விழுங்குவது, தண்ணீரின் ஹைட்ரஜன் சிதறடிப்பது, ஆக்சிஜன் தின்பது, பிளவு நியூட்ரான்களின் ஆற்றல் பரவல் எல்லாம் சேர்ந்து கரைந்திருக்கின்றன. ஒன்றில் 200 கூடி இன்னொன்றில் 200 குறைந்தால் கே-யைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. உன் நூலகத்திலேயே இது நடந்திருக்கிறது. சியெலோ என்ற பன்னாட்டு முயற்சியில் ஹைட்ரஜன், ஆக்சிஜன்-16, இரும்பு-56, யுரேனியம்-235, யுரேனியம்-238, புளூட்டோனியம்-239 ஆறையும் புதிதாக மதிப்பிட்டார்கள். ஆக்சிஜன் நியூட்ரானை வாங்கி ஆல்ஃபாவை விடும் வினையின் குறுக்குவெட்டை, அதாவது அது நடக்கும் வாய்ப்பின் அளவை, கணிசமாக உயர்த்தினார்கள். அது மட்டும் மாறியிருந்தால் தண்ணீர் உலைகளின் கே இறங்கியிருக்கும். மற்ற அணுக்கருக்களில் செய்த மாற்றங்கள் அதைத் தூக்கிப் பிடித்தன. மொத்த கே பெரிதாக நகரவில்லை, உள்ளே இருந்த கூறுகள் மட்டும் இடம் மாறின. அப்படியானால் அதற்கு முந்தைய நூலகம் சரியான விடையைச் சரியான காரணத்துக்காகத் தந்ததா?

இன்னொன்றும் உண்டு. கோடைவா, ஜெஸபெல் என்ற வெறும் உலோகக் கோளச் சோதனைகள் லாஸ் அலமோஸில் நடந்தவை. தரவு மதிப்பீட்டாளர்கள் கடைசியில் தங்கள் தரவு இவற்றின் கே-யை ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறதா என்று பார்த்து, தரவை அதன் பிழை எல்லைக்குள் நகர்த்திக்கொள்வார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அதே சோதனையை எடுத்து "பார், என் கணக்கு பொருந்துகிறது" என்று மறுபடி பெருமைப்பட முடியாது.

தண்ணீர் உலை ஒன்றின் கே-யில் தரவின் நிச்சயமின்மை மட்டுமே 500 பிசிஎம் பக்கம் வரும். நீ 6 பிசிஎம் புள்ளியியல் பிழை வைத்திருக்கிறாய். இனி அதை 3 ஆக்க ஒரு யூனிட் மின்சாரம்கூடச் செலவழிக்காதே.

நீ செய்ய வேண்டியது: தண்டு வாரியாகப் பிளவு வீதத்தை எடு. குறிப்பாக 12 கடோலினியத் தண்டுகளையும் அவற்றைத் தொட்டு நிற்கும் தண்டுகளையும் பார். அணுக்கரு வாரியாக எது எவ்வளவு விழுங்கியது என்று பிரித்து எடு. அறிக்கையில் தண்டு வாரிப் பிளவு வீதமும் கொடுத்திருப்பார்கள். அங்கேயும் பொருந்தினால் அப்போது எழுது.

கோரிப்பாளையம்_கோடர்

ஐயா, உள்ளே வருவதற்கு மன்னிக்கவும். நான் மென்பொருள் ஆள், இயற்பியல் கல்லூரியோடு சரி. ஒரு அசெம்பிளிக்கு இவ்வளவு நுணுக்கம் என்றால் முழுக் கோரையும் மான்டி கார்லோவில் போட்டுவிட்டால் போகிறது அல்லவா? இப்போது ஜிபியு இருக்கிறது. அமெரிக்காவில் எக்ஸாஎஸ்எம்ஆர் திட்டத்தில் சிறு உலை ஒன்றை நியூட்ரான் கணக்கும் நீரோட்டக் கணக்கும் சேர்த்தே ஓட்டியிருக்கிறார்கள். தோராயமே இல்லாத முறை கையில் இருக்கும்போது நியூட்ரான் பரவலைத் தோராயமாக எடுக்கும் பழைய டிஃப்யூஷன் கணக்கு எதற்கு? மிஞ்சிய வித்தியாசத்தை மெஷின் லேர்னிங்கால் திருத்திவிடலாம் என்பது என் எண்ணம்.

நியூட்ரான்_நடை

அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரு முறை ஓட்டிப் பார்க்க மான்டி கார்லோவைப் போல வேறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு எரிபொருள் சுற்றுக்கு எந்த அசெம்பிளியை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க ஆயிரக்கணக்கான அடுக்குகளைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் சுற்று முடியும் வரை எரித்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் இரண்டு படி முறை இன்னும் ஆலைகளில் ஓடுகிறது. முதல் படியில் ஒரு அசெம்பிளியை நுணுக்கமாகக் கணக்கிட்டு, அதை ஒரே சீரான பொருளாகக் கரைத்து, இரண்டு ஆற்றல் குழுக்களுக்கான மாறிலிகளை எடுப்பார்கள். அடுத்த படியில் அந்த மாறிலிகளை வைத்து 163 அசெம்பிளி கொண்ட கோரை டிஃப்யூஷனில் நொடிகளில் தீர்ப்பார்கள்.

இந்த முறையில் பிழை எங்கே நுழைகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். முதல் படியில் அசெம்பிளியைச் சுற்றிக் கண்ணாடி வைத்தது போல எல்லை நிபந்தனை கொடுக்கிறோம். பக்கத்திலும் அதே அசெம்பிளி என்று பொருள். நிஜத்திலோ பக்கத்தில் மூன்று சுற்று எரிந்து தேய்ந்தது இருக்கலாம், ஓரமாக இருந்தால் எஃகுச் சுவரும் தண்ணீரும் இருக்கும். கரைத்தபின் எல்லையில் பாய்வு ஒட்டாது. அதைச் சரிக்கட்டத்தான் தொடர்ச்சியின்மைக் காரணி என்ற திருத்தத்தை 1980-களில் கொண்டுவந்தார்கள். அது வந்தபின் அசெம்பிளி அளவில் விடை வெகுவாக மேம்பட்டது. இன்றைக்கும் வலிக்கும் இடம் ஓரம்தான். கோரைச் சுற்றி நின்று நியூட்ரானைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பானின் மாறிலிகளைச் சோம்பலாக எடுத்தால் கோரின் விளிம்பில் சக்தி தப்பாக வரும், மொத்தமும் சமன்பட வேண்டும் என்பதால் நடுவிலும் தப்பு வரும்.

முழுக் கோர் மான்டி கார்லோ தோராயமே இல்லாதது என்பதையும் நான் ஏற்கவில்லை. அதே 500 பிசிஎம் தரவு அங்கேயும் உண்டு. எரிபொருள் வெப்பநிலையை யார் கொடுப்பது? தண்டின் நடுவில் 1300 கெல்வின், ஓரத்தில் 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலுக்கு ஒரே எண் வேண்டும். நடுவுக்கு ஒன்பதில் நான்கு, ஓரத்துக்கு ஒன்பதில் ஐந்து என்ற ரோலண்ட்ஸ் சூத்திரம் 967 தரும். நடுவுக்கு 0.3, ஓரத்துக்கு 0.7 என்ற இன்னொரு பழக்கம் 880 தரும். இரண்டுக்கும் நடுவே 87 கெல்வின், ஏறக்குறைய 200 பிசிஎம்! நாம் இங்கே துரத்திய 300-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். தண்டுக்குள் வளையம் வளையமாக வெப்பநிலை கொடுத்தால் இந்தச் சண்டையே வேண்டாம். ஆனால் அந்த வெப்பநிலையும் வில்லைக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடுக்கு எவ்வளவு வெப்பம் கடத்துகிறது என்பதை நம்பித்தான் நிற்கிறது.

மெஷின் லேர்னிங் பற்றி: எந்த இயற்பியல் விட்டுப்போனது என்று தெரியாமல் வித்தியாசத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால், அதுவும் இன்னொரு ஈடுகட்டும் பிழைதான். கற்றுக்கொடுத்த எல்லைக்கு வெளியே போனதும் கைவிடும்.

ஓய்வுபெற்றவர்_கேகேநகர்

தம்பி சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் கொஞ்சம் மாற்றுவேன். ஆலையில் அளந்த தரவு நிறைய இருந்து, எந்த எல்லைக்குள் நம்பலாம் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டுப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்றபடி ஒத்துப்போகிறேன்.

எரிதலையும், அதாவது எரிபொருள் உலையில் தேய்வதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். கடோலினியம்-157 வெப்ப நியூட்ரானை 2,50,000 பார்னுக்கு (குறுக்குவெட்டின் அலகு) மேல் விழுங்கும். அதனால் கடோலினியத் தண்டு வெங்காயம் உரிவது போல வெளித்தோலிலிருந்து எரியும். தண்டை ஒரே துண்டாக வைத்து எரித்தால் கடோலினியம் தீரும் நேரமே தவறும். பத்து வளையமாகவாவது பிரிக்க வேண்டும், காலப்படியும் சிறியதாக வேண்டும், ஒவ்வொரு படியிலும் முன்கணித்துப் பின்திருத்தும் முறை வேண்டும். பாப்பா புதிய எரிபொருளோடு நின்றுவிடுவாள் என்றால் இது பிறகு. எரிக்கப் போகிறாள் என்றால் இன்னொன்று: 8.0 நூலகம் எரிதல் கூடக் கூட 7.1-ஐவிடக் கே-யைக் கீழே இழுக்கிறது என்று பலரும் காட்டியிருக்கிறார்கள். 2024-இல் வந்த 8.1-இல் அதைக் கவனித்திருக்கிறார்கள். புதிய எரிபொருளில் நன்றாகப் பொருந்தியதை நம்பி எரிதலுக்குப் போனவர்கள்தான் இதில் அதிர்ந்தார்கள்.

உசிலம்பட்டிக்காரன்

படித்துக்கொண்டே வந்தேன். முழுதும் புரியவில்லை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ராதாபுரம் பக்கம். அங்கே ஜனங்களுக்குக் கூடங்குளம் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. நீங்கள் எல்லோரும் 300 தப்பு, 500 தெரியாது என்று பேசுகிறீர்கள். தெரியாத கணக்கை நம்பியா உலையை ஓட்டுகிறார்கள்? குற்றமாகக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

ஓய்வுபெற்றவர்_கேகேநகர்

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி.

உலை கணக்கில் வந்த கே-யைப் பார்த்து ஓடுவதில்லை. தண்ணீரில் போரிக் அமிலம் கரைந்திருக்கும். போரான் நியூட்ரானை விழுங்கும். உலையைத் தொடங்கும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே நியூட்ரான் எண்ணிக்கையைக் கவனிப்பார்கள். தொடர்வினை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் இடம் எது என்று உலையே சொல்லும். கணக்கு 300 பிசிஎம் தள்ளியிருந்தால், எதிர்பார்த்த போரானைவிட 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) பக்கம் முன்னே பின்னே அந்த நிலை வரும். அவ்வளவு வித்தியாசத்தை எதிர்பார்த்துத்தான் படிப்படியாகப் போகிறார்கள். அப்புறம் குறைந்த சக்தியிலேயே கட்டுப்பாட்டுத் தண்டுகளின் வலு, வெப்பநிலை கூடினால் ரியாக்டிவிட்டி (கே ஒன்றிலிருந்து எவ்வளவு விலகியது என்பது) எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் அளந்து கணக்கோடு ஒப்பிடுவார்கள். முன்பே எழுதி வைத்த எல்லையைத் தாண்டினால் காரணம் தெரியும் வரை சக்தியை ஏற்ற மாட்டார்கள். ஓடும்போதும் கோருக்குள் உணரிகள் இருந்து எங்கே எவ்வளவு சக்தி என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நிச்சயமின்மையை எல்லாம் நமக்குப் பாதகமான பக்கமே கூட்டித்தான் பாதுகாப்பு எல்லையைப் போடுவார்கள். அதிகம் சூடாகும் தண்டு கணக்கில் வந்ததைவிடச் சூடு என்றும், தண்டுகள் எல்லாம் விழும்போது மிக வலுவான ஒன்று மேலேயே சிக்கிக்கொண்டது என்றும் வைத்துக்கொண்டுதான் உலை அணைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே துல்லியம் கூடினால் கிடைப்பது, அந்த இடைவெளி எவ்வளவு என்று நேர்மையாகத் தெரிவது. இதைப் பெருந்திரளான மக்களுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம். உங்கள் அக்கா வீட்டார் பயப்படுவதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன்.

உசிலம்பட்டிக்காரன்

சரிங்க ஐயா. இதை அப்படியே மாமாவுக்கு அனுப்புகிறேன். அவர் மறு கேள்வி கேட்டால் இங்கேயே வந்து போடுகிறேன்.

திருநகர்_மாணவி

ஐயா சொன்னபடி தண்டு வாரியாக எடுத்தேன். சாதாரணத் தண்டுகள் அறிக்கையோடு நன்றாகப் போகின்றன. கடோலினியத் தண்டுகளில் மட்டும் வித்தியாசம் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கூடுதல். கே-யில் இது தெரியவே இல்லை. ரிப்போர்ட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதப் போகிறேன். 7.1 நூலகத்தை வைத்து அதே மாடலை ஓட்டி, எவ்வளவு தரவால் வருகிறது என்றும் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். நேரம் இருந்தால் 163 அசெம்பிளி கோர் ஒன்றையும் முயல ஆசை. அங்கே புள்ளியியல் பிழையை நம்பலாமா? மியூவான் அண்ணா சொன்னது மனதில் நிற்கிறது.

நியூட்ரான்_நடை

அங்கே அதையும் அப்படியே நம்பாதே. பெரிய கோரில் ஒரு தலைமுறை நியூட்ரான் பிறக்கும் இடம் முந்தைய தலைமுறையை ஒட்டியே இருக்கும். கோரின் ஒரு மூலையில் நடப்பது மறு மூலைக்குத் தெரியப் பல தலைமுறை ஆகும். இதனால் இரண்டு தொல்லை. தொடக்கத்தில் தூக்கி எறியும் சுழற்சிகள் அசெம்பிளிக்குப் போதுமான அளவைவிட மிக அதிகமாக வேண்டும். நியூட்ரான் பிறக்கும் இடங்களின் பரவலைக் காட்டும் ஷானன் என்ட்ரோபி தட்டையாகும் வரை எண்ணத் தொடங்காதே. அடுத்தது, சுழற்சிகள் ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதால், நிரல் அச்சிடும் பிழை உண்மையைவிடச் சிறியதாக வரும். கே-யில் அது அதிகம் தெரியாது, அசெம்பிளி வாரிச் சக்தியில் நன்றாகத் தெரியும்.

சோதிக்க எளிய வழி: உன் கோர் 60 பாகைச் சமச்சீர் உடையது என்றால், நடு அசெம்பிளியை விட்டு மீதி 162-ம் ஆறு ஆறாகச் சேரும். 27 குழுக்கள். ஒரு குழுவின் ஆறும் ஒரே சக்தியைக் காட்ட வேண்டும். சமச்சீரைப் பயன்படுத்தாமல் முழுக் கோரையும் ஓட்டி, அந்த ஆறும் எவ்வளவு சிதறுகின்றன என்று பார். நிரல் சொல்லும் பிழையைவிட அந்தச் சிதறல் பெரியதாக இருந்தால், நிரல் சொல்வதை விட்டுவிட்டுச் சிதறலையே உன் பிழையாக எழுது.

திருநகர்_மாணவி

சிறிய அளவில் ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. ஓர அசெம்பிளிகளில் ஆறும் சிதறுவது, நிரல் அச்சிட்ட பிழையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.

ஓய்வுபெற்றவர்_கேகேநகர்

நல்லது. பல சுழற்சிகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்துப் பிழையைக் கணக்கிடு, இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்குகிறதா பார். இந்த வார இறுதியில் நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இருப்பேன். கடோலினியத் தண்டுகளின் எண்களையும் உள்ளீட்டுக் கோப்பையும் அச்செடுத்துக் கொண்டு வா அம்மா, வளையம் வளையமாக உட்கார்ந்து பார்ப்போம். நியூட்ரான்_நடை தம்பி ஊரில் இருந்தால் அவரும் வரட்டும்.